எம்ப்ரஸ் பிளேஸ் கட்டடமும் ஆசிய நாகரிக அரும்பொருளகமும்: போகும் முன் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் வந்தாலும் அவர்களை நான் இழுத்துக்கொண்டு போகும் இடம் இது. போகிற வழியிலும் உள்ளேயும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

எந்தக் கட்டடத்தைச் சொல்கிறீர்கள்?

சிங்கப்பூர் ஆறு கடலை நோக்கித் திரும்பும் இடத்தில், வடகரையில், நீளமாக வெள்ளையாக நிற்கிறதே, அதுதான். உருண்டைத் தூண்கள், ஆளுயரத்தையும் தாண்டிய மரச் சன்னல்கள், ஓட்டுக்கூரை. பெயர் எம்ப்ரஸ் பிளேஸ் கட்டடம். 2003 மார்ச்சிலிருந்து இதில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இயங்குகிறது. ம்யூசியத்தைச் சிங்கப்பூர்த் தமிழில் அரும்பொருளகம் என்பார்கள். அழகான சொல், நாமும் வைத்துக்கொள்ளலாம்.

'எம்ப்ரஸ்' என்றது விக்டோரியா மகாராணியை. அவர் நினைவாக 1907இல் கட்டடத்தின் முன்னிருந்த திடலுக்குத்தான் முதலில் இந்தப் பெயரை வைத்தார்கள். கட்டடம் அப்போது வெறும் 'அரசாங்க அலுவலகங்கள்'. பெயர் அப்புறம் கட்டடத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ம்யூசியம் ஆகும் முன் இங்கே என்ன இருந்தது?

நீதிமன்றமாகத்தான் கட்டத் தொடங்கினார்கள், 1864இல். 1867இல் வேலை முடிவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அதுவரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. புது ஆட்சிக்கு எழுத்தரும் கோப்பும் உட்கார இடம் வேண்டும் அல்லவா? நீதிமன்றத்துக்காகக் கட்டியது செயலகமாக மாறியது. இடம் போதாமல் போகப்போக, அடுத்து வந்த பத்தாண்டுகளில் பல முறை கட்டடத்தை நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்தையே பின்பற்றியதால், ஒட்டுப்போட்டது வெளியே தெரியாது.

பழைய தலைமுறைச் சிங்கப்பூரர்களிடம் கேட்டுப் பாருங்கள். எம்ப்ரஸ் பிளேஸ் என்றதும் அவர்களுக்குச் சிலையும் பானையும் நினைவுக்கு வராது, வரிசைதான் வரும். பிறப்பு இறப்புப் பதிவகம், குடியுரிமைப் பதிவகம், குடிநுழைவுத் துறை எல்லாம் இங்கேதான் இருந்தன. என் பெரியப்பா தன் மூத்த மகளின் பிறப்பைப் பதிந்தது இந்தக் கட்டடத்தில். முதல் முறை அவரை உள்ளே அழைத்துப் போனபோது சீனப் பீங்கானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கவுண்டர் எந்தப் பக்கம்டா இருந்தது?" என்று தேடிக்கொண்டிருந்தார்.

1980களில் அலுவலகங்கள் வெளியேறின. 1992 பிப்ரவரியில் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்தியக் கைதிகள் கட்டினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உள்ளே போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியும் இதுதான்.

நம் பாட்டிகள் 'தீவாந்தரம்' என்று சொல்வார்களே, அந்தத் தண்டனையின் ஒரு முகவரி சிங்கப்பூர். கம்பெனி ஆட்சி இந்தியக் கைதிகளைக் கடல் கடத்தி முதலில் சுமத்ராவின் பென்கூலனுக்கு அனுப்பிவந்தது. 1824 ஒப்பந்தத்தில் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதும், அங்கிருந்தவர்களைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் வந்திறங்கிய முதல் கூட்டம் 80 பேர். எல்லோரும் மதராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். சில நாளில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். பிறகு பம்பாயிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட வந்தார்கள். ஆகவே கட்டியவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்று மார்தட்டக் கூடாது. தமிழர்களும் இருந்தார்கள் என்பதே சரி.

இவர்கள் சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், கல் உடைத்தார்கள். புலி பிடிக்கவும் அனுப்பப்பட்டார்கள். சிறைக்குள்ளேயே தொழில் கற்றுக் கொத்தனாராகவும் தச்சராகவும் கொல்லராகவும் ஆனார்கள். நன்னடத்தை உள்ளவர்களைப் படிப்படியாக உயர்த்தி, மற்றக் கைதிகளுக்குக் காவலர்களாகவே ஆக்கினார்கள். ஐரோப்பிய வார்டர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இது மலிவு. 1858இல் சிராங்கூன் சாலையில் அவர்களுக்கென்று செங்கல் சூளை போடப்பட்டது. ஆமாம், இன்று முஸ்தபா சென்டருக்குப் போகிறவர்கள் நடக்கும் அதே சிராங்கூன் சாலை. அந்தச் சூளையின் செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. செங்கல்லுக்குப் பதக்கம் கிடைத்தது, சுட்டவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கட்டடத்தை வரைந்தவர் ஜான் பிரடெரிக் அடால்ஃபஸ் மெக்நேர். மதராஸ் பீரங்கிப் படையிலிருந்து வந்தவர். சிங்கப்பூர் ஆங்கிலேய அரசின் பொறியாளரும் அவரே, கைதிகளின் கண்காணிப்பாளரும் அவரே. வேலை கொடுப்பவரும் ஆள் கொடுப்பவரும் ஒருவர்தான் என்றால் வசதியைக் கேட்க வேண்டுமா? இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் இதே கூட்டணியின் வேலை. 1873இல் கைதிச் சிறையை மூடி, நீண்ட தண்டனை பாக்கியிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

சுவரில் முட்டையும் வெல்லமும் கலந்திருக்கிறதாமே?

இந்தக் கதை உண்மையில் பக்கத்துத் தெருவைச் சேர்ந்தது. பத்து நிமிட நடையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856க்கும் 1861க்கும் இடையே இதே கைதிகள் கட்டியது. அதன் உட்சுவருக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பது.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கொத்தனார்களின் கைப்பழக்கம் கப்பலேறிப் போயிருக்கிறது, விலங்கோடு. தேவாலயத்துக்குப் பதிவு தெளிவாக இருக்கிறது. எம்ப்ரஸ் பிளேஸ் சுவருக்கும் அதே கலவைதான் என்று வழிகாட்டி யாராவது சொன்னால் கொஞ்சம் தயங்கியே தலையாட்டுங்கள்.

எப்படிப் போவது?

எம்ஆர்டி ரயிலில் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, ஆற்றுப் பக்கம் வெளியே வந்து, கேவனா பாலத்தைக் கடந்தால் எதிரே கட்டடம். பொடி நடையாக ஐந்து நிமிடம். சிட்டி ஹால் நிலையத்திலிருந்தும் வரலாம், ஆனால் முதல் தடவை பாலத்தின் வழியாகவே வாருங்கள். கட்டடத்தின் முழு நீளம் அங்கிருந்துதான் கண்ணில் படும்.

1869இல் திறந்த பாலம் அது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, பொருத்தியதில் கைதிகளின் கை உண்டு. பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை: குறிப்பிட்ட எடைக்கு மேல் வண்டி கூடாது, மாடும் குதிரையும் கூடாது. மாட்டை ஓட்டிக்கொண்டு வராதவர்கள் தாராளமாகப் போகலாம்.

நேரம், கட்டணம்?

தினமும் காலை 10 முதல் மாலை 7 வரை. வெள்ளிக்கிழமை இரவு 9 வரை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. சிறப்புக் கண்காட்சி நடந்தால் அதற்குத் தனிச் சீட்டு இருக்கும். தொகை மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்புமுன் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து நான்கைந்து பேராக வருகிறவர்கள் மூத்தோர், மாணவர் சலுகையையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

தரைத்தளத்தில் வணிகம், இரண்டாம் தளத்தில் சமய நம்பிக்கைகள், மூன்றாம் தளத்தில் துணி, நகை, பீங்கான். மூன்றையும் ஒரே மூச்சில் ஓடிப் பார்த்தால் எதுவும் மனசில் நிற்காது. தரைத்தளத்துக் கப்பல் கூடத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டாம் தளத்துக்கு முக்கால் மணி. மீதியை ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து கழியுங்கள். பீங்கானில் பித்து உள்ளவர்கள் என்னைத் திட்டலாம், பரவாயில்லை.

அந்தக் கப்பல் கூடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடல் அட்டை பிடிக்க மூழ்கியவர்கள் கண்ணில் ஒரு மேடு பட்டது. ஓர் அரபுக் கப்பலின் மிச்சம் அது. சீனாவில் சரக்கேற்றி மேற்காசியாவுக்குத் திரும்பும் வழியில் மூழ்கியிருக்கிறது. உள்ளே 60,000 பீங்கான்களுக்கு மேல். ஒரு கிண்ணத்தில் நாள் பொறித்திருக்கிறது. நம் கணக்கில் அது கி.பி. 826. தஞ்சையை விஜயாலய சோழன் பிடிக்கவே இன்னும் கால் நூற்றாண்டு இருக்கும் காலம்.

அறைக்குள் நுழைந்ததும் நம்மைத் திகைக்க வைப்பது அழகல்ல, எண்ணிக்கை. ஒரே மாதிரிக் கிண்ணங்கள் அலை அலையாக அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் சீனாவின் சாங்ஷா சூளைகளில் மொத்தமாகச் சுட்டவை. பெரிய தாழிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கிப் பத்திரமாக அனுப்பியதால் 1,100 ஆண்டுக் கடல் வாசத்துக்குப் பிறகும் கணிசமானவை உடையவில்லை. தங்கக் கோப்பை ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் அதன் முன்தான் கூடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தச் சரக்கில் அன்னாசிப்பூவும் கிடைத்தது. பிரியாணிக்குத் தாளிக்கிறோமே, அதே அன்னாசிப்பூ.

இன்னொன்று. கப்பலில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. மதராஸில் துறைமுகம் வரும் முன்பு, அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் தைத்துக் கட்டியவையே. ஆணியடித்த படகு அலை மோதிப் பிளக்கும் இடத்தில் தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இந்தக் கப்பலின் மாதிரியாக ஒன்றை ஓமான் கட்டி, 2010இல் கொச்சி, இலங்கையின் காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஓட்டியே காட்டியது.

ஒரு சர்ச்சையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொருள்களை வெளியே எடுத்தது தொல்லியல் துறை அல்ல, அரசு உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனம். சிங்கப்பூர் 2005 வாக்கில் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அரும்பொருளகம் நடத்தவிருந்த கண்காட்சி, வணிக நோக்கில் தோண்டியதை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று தொல்லியலாளர்கள் எதிர்த்ததால் நின்றுபோனது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் சரக்கு சில்லறையாக ஏலத்தில் சிதறாமல் ஒரே இடத்தில் இருப்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

சோழர் சிலைகள் உண்டா?

உண்டு. இரண்டாம் தளத்தில் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். காட்சி அவ்வப்போது மாறும் என்பதால் எந்தச் சிலை எந்த மூலையில் என்று நான் எழுதி வைத்தால் நாளை பொய்யாகிவிடும்.

இப்போது அங்கே இல்லாத ஒரு சிலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 11ஆம் நூற்றாண்டு உமா பரமேஸ்வரி. 2007இல் நியூயார்க் கலைப்பொருள் கடை ஒன்றிலிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு இந்த அரும்பொருளகம் வாங்கியது. கடைக்காரர் சுபாஷ் கபூர். சிலை அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயிலிலிருந்து திருடப்பட்டது. கூடவே கொடுத்த பூர்வீகச் சான்றுகள் போலி. கபூர் பிடிபட்டு விவரங்கள் வெளிவந்தபின், 2015இல் சிங்கப்பூர் சிலையை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் கபூருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது.

இதைக் கேட்டதும் வருகிறவர்கள் பாதிப் பேர் "மிச்சமெல்லாம் எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சில பொருள்களின் குறிப்பிலேயே யாரிடமிருந்து வந்தது என்று எழுதியிருப்பார்கள், அதைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தாலும் சரி, நம் ஊர்க் கோயில்களில் எத்தனைக்குப் புகைப்படப் பதிவு இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்பக் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

துணிகள் பார்க்கத் தகுந்தவையா? ஆண்களுக்குப் போரடிக்குமா?

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கூடத்தை விட்டு நகர மாட்டார்கள், ஆணென்ன பெண்ணென்ன. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணி தென்கிழக்காசியாவில் வெறும் உடுதுணியாக இருக்கவில்லை. சடங்குக்கும் சீருக்கும் எடுத்து, மடித்துப் பெட்டியில் காப்பாற்றி வந்தார்கள். அதனால்தான் இங்கே கந்தலாகிப்போனவை அங்கே பிழைத்தன. துணி வெளிச்சத்தில் கெடும் என்பதால் அடிக்கடி மாற்றி மாற்றி வைப்பார்கள்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

மின்தூக்கி இருக்கிறது, சக்கர நாற்காலி போகும். குளிர்சாதனம் பலமாக இருக்கும். வெளியே வெந்துபோய் வந்து உள்ளே நடுங்குவதைவிட, பெரியவர்களுக்கு ஒரு சால்வையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கப்பல் கூடம் பிடிக்கும், மற்றது அவரவர் பொறுமை.

படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். சில சிறப்புக் கண்காட்சிகளில் தடை இருக்கும், வாசலிலேயே எழுதியிருப்பார்கள்.

விளக்கங்கள் தமிழில் இருக்குமா?

தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிதான். ஆனால் காட்சிப்பொருள் குறிப்புகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தைத்தான் நம்ப வேண்டும். எனவே ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களோடு போகும்போது, அவர்களோடு நின்று வாய்விட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் முந்தைய நாள் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில்.

சாப்பாடு?

ஆற்றோரமாக உணவகங்கள் இருக்கின்றன, விலை சற்று உறைக்கும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் திரும்பிக் கால் மணி நடந்தால் லாவ் பா சாட். பழைய தெலுக் ஆயர் சந்தை, இரும்புத் தூண்களோடு 1894இல் கட்டியது. இப்போது உணவங்காடி நிலையம். சைவம் தேடுகிறவர்கள் அங்கே ஒரு சுற்றுச் சுற்றி விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

அதே நாளில் பக்கத்தில் வேறு எதைச் சேர்க்கலாம்?

ஆர்மீனியன் தெருவிலுள்ள பெரனாக்கான் அரும்பொருளகம். வெளியூர் வணிகர்கள் இந்தப் பக்கத்துப் பெண்களை மணந்து தங்கியதில் வந்த வழித்தோன்றல்களைத்தான் பெரனாக்கான் என்பார்கள். அங்கே மலாக்கா செட்டிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. ஓவியம் பிடித்தவர்களுக்குத் தேசியக் கலைக்கூடம் ஐந்து நிமிட நடை. அதுவும் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்ததுதான். ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், கால் வலிக்கும்.

வெளியே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

விக்டோரியா அரங்கின் முன்னே, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ராஃபிள்ஸ் கறுத்த வெண்கலமாக நிற்கிறார், 1887இல் வார்த்தது. ஆற்றோரத்தில் நிற்கும் வெள்ளைச் சிலை 1972இல் செய்த நகல். எல்லோரும் படம் எடுப்பது நகலோடுதான். பழைய நாடாளுமன்றத்தின் முன்னால் வெண்கல யானை ஒன்று உண்டு. 1871இல் வந்துபோன சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் கொடுத்தது.

நான் கூட்டிப்போகிறவர்களைக் கடைசியாக நிறுத்துவது இவற்றின் முன்னால் அல்ல. அரும்பொருளகத்தின் பக்கத்திலேயே ஊசிபோல் ஒரு கல்தூண் நிற்கும், டல்ஹௌசி தூபி. 1850 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி சிங்கப்பூர் வந்ததன் நினைவாகவும், தடையில்லா வணிகத்தின் பெருமை பாடவும் எழுப்பியது. தஞ்சை மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசையே கம்பெனிக் கணக்கில் எழுதிக்கொண்டாரே, அதே டல்ஹௌசி. தூணின் நான்கு பக்கமும் நான்கு மொழிகளில் வாசகம்: ஆங்கிலம், சீனம், ஜாவி எனும் அரபு வழி எழுத்தில் மலாய், தமிழ். காலையில் போனால் வெயில் கண்ணில் அடிக்கும், மாலை ஐந்துக்கு மேல் எழுத்து நன்றாகத் தெரியும். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். பாதியில் நிறுத்தி, "இதை வெட்டினவன் எந்த ஊர்க்காரனோ" என்றார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.